விலையை நீயே சொல்!



மனை கைமாறும்போது பத்திரத்தில் எழுதும் தொகை ஒன்று, கையில் கொடுக்கும் தொகை வேறு. நம் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். இதற்கு ஒரு மருந்து சொன்னவர் சீனத் தலைவர் சுன் யாட் சென்.

மூலக் கருத்து அமெரிக்கர் ஹென்றி ஜார்ஜுடையது. 1879-இல் 'முன்னேற்றமும் வறுமையும்' என்ற நூலை வெளியிட்டார். ஊர் வளர்வதால் நிலத்தின் விலை ஏறுகிறது, சொந்தக்காரர் அதற்காக ஒரு துரும்பையும் அசைக்கவில்லை. எனவே வரியை நில மதிப்பின் மேல் போடு, உழைப்பின் மேல் போடாதே என்றார்.

சுன் இதில் ஒரு கணக்கு வைத்தார். நிலத்தின் விலையைச் சொந்தக்காரரே சொல்லட்டும். அரசு அந்த விலைக்கு வரி வாங்கும். விரும்பினால் அதே விலைக்கு நிலத்தையும் வாங்கிக்கொள்ளும். குறைத்துச் சொன்னால் நிலம் போகும், கூட்டிச் சொன்னால் வரி ஏறும். அதற்குப் பிறகு ஏறும் விலை மக்களுக்கு. வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் கடைசி பெஞ்சும் கை தட்டியிருக்கும்!

சீனாவில் ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த சிங்தாவ் துறைமுகத்தில் 1898-லேயே மனை மதிப்பில் ஆண்டுக்கு 6 சதவீதம் வரி. விற்றால் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு அரசுக்கு. ஏழைகள் மேல் கருணை அல்ல, மனை வியாபாரிகளை அடக்கத்தான்.

சுன் 1925-இல் மறைந்தார். அவர் கட்சி 1949-இல் தோற்று தைவானுக்குப் போனது. அங்கே கிராமத்து நிலத்தைப் பங்கிட்டது இந்த வரி அல்ல. முதலில் குத்தகைக்கு உச்சவரம்பு, விளைச்சலில் 37.5 சதவீதம். பிறகு 1953-இல், நடுத்தர நன்செய் என்றால் சுமார் 3 ஹெக்டேர் போக மீதியை அரசே வாங்கிக் குத்தகைக்காரருக்குப் பத்தாண்டுத் தவணையில் விற்றது. விலை, ஆண்டு விளைச்சலைப் போல் இரண்டரை மடங்கு. அதில் 70 சதவீதம் கடன் பத்திரம், 30 சதவீதம் அரசுக் கம்பெனிப் பங்குகள்.

எப்படி முடிந்தது? ஆள வந்தவர்களுக்கு அந்தத் தீவில் நிலம் இல்லை. நம் 1961 உச்சவரம்புச் சட்டம் வந்தபோது நிலைமை அப்படியா?

நில மதிப்பு வரி, 1954 சட்டத்தின் மூலம் நகரங்களுக்கு வந்தது. ஆனால் அரசு அறிவித்த மதிப்பு சந்தை விலைக்குப் பின்னாலேயே நொண்டியது. சொன்ன விலைக்கு நிலத்தை எடுத்துக்கொள்ளும் துணிச்சலும் அரசுக்குப் பெரிதாக வரவில்லை. உழுதவனுக்கு வயல் கிடைத்த அதே தீவில், தைபே நகரத்து மனை வைத்திருந்தவர்கள் உட்கார்ந்த இடத்தில் கோடீஸ்வரர் ஆனார்கள்.