மெதுவாகப் பழகிய வேகம்: அலெக்சாந்தர் போப்போவின் புகழ் குறித்து

ரஷ்ய நீச்சல் வீரர் அலெக்சாந்தர் போப்போவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரு கத்திக்குத்தில்தான் வந்து நிற்கிறது. 1996 ஆகஸ்டில் மாஸ்கோவில் தர்ப்பூசணி விற்றவர்களுடன் ஏற்பட்ட தகராறில் அவர் வயிற்றில் கத்தி இறங்கியது; சிறுநீரகமும் நுரையீரலும் காயம்பட்டன. மறு ஆண்டே செவில் நகரில் 50, 100 மீட்டர் ஐரோப்பியப் பட்டங்களை வென்றார். பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. ஆயினும் காயத்துக்கு முன்பே நிலைபெற்றிருந்த புகழை இக்கதை விளக்காது. அதன் வேரை அவருடைய கைவீச்சில் தேட வேண்டும் என்பது என் வாதம்.

மல்லாந்து நீந்திக்கொண்டிருந்தவரை 1990இல் ஃப்ரீஸ்டைலுக்குத் திருப்பியவர் பயிற்சியாளர் கென்னாதி துரெத்ஸ்கி. வேகநீச்சல் என்றால் கைகளை விரைந்து சுழற்றுவது என்று பலரும் கருதிய காலம் அது. துரெத்ஸ்கியோ மெதுவாக நீந்தவைத்தார்: அசைவு பிசகாத வேகத்தில் நெடுந்தூரம், வீச்சுகளைக் குறைத்து. போப்போவ் நீந்தும் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் இதன் விளைவு புலப்படும். நீருக்குள் நுழைந்த கை அவசரப்பட்டு இழுப்பதில்லை. இடுப்பு பக்கவாட்டில் உருள, 1.97 மீட்டர் உடல் நீண்டு சறுக்குகிறது; முழங்கை உயர்ந்து நிற்க, முன்கை நீரைப் பற்றிய பிறகே இழுப்பு. தலை ஆடுவதே இல்லை. பக்கத்துத் தடங்களில் நுரை பறக்கும்போது இவர் உலாவப் போனவர் போலத் தெரிவார்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் மேட் பியாண்டியை வீழ்த்தி இரு தங்கங்கள். 1994இல் மான்டே கார்லோவில் 100 மீட்டரை 48.21 விநாடியில் கடந்தார்; அந்த உலக சாதனை ஆறாண்டு நின்றது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் 100 மீட்டரில் கேரி ஹாலை 0.07 விநாடியில் முந்தினார். தூரமாகக் கணக்கிட்டால் அது ஒரு சாண்கூட இல்லை. டார்ஜானாக நடித்த ஜானி வைஸ்முல்லருக்குப் பிறகு ஒலிம்பிக் 100 மீட்டர் பட்டத்தைத் தக்கவைத்த முதல் ஆண் அவரே.

சிட்னியில் (2000) பீட்டர் வான் டென் ஹூகன்பான்ட் அவரைத் தோற்கடித்ததை எதிர்வாதமாகக் காட்டலாம். ஆனால் போப்போவின் அன்றைய 48.69, அட்லாண்டாவில் தங்கம் தந்த 48.74ஐவிட விரைவானது. மூன்றாண்டு கழித்து, 31 வயதில், அதே பார்சிலோனாவில் நடந்த உலகப் போட்டியில் 48.42இல் அதே டச்சுக்காரரை வென்றார். 1992இல் அங்கே அவர் எடுத்துக்கொண்டது 49.02. உடல்வலிமையை மட்டும் நம்பிய வேகநீச்சல்காரர் பதினொரு ஆண்டில் இப்படி முன்னேறுவது கடினம். என் வாதத்துக்கு நான் பெரிதும் நம்பும் சான்று இதுவே. 2000இல் அவர் நிறுவிய 50 மீட்டர் சாதனையும் (21.64) 2008 வரை நீடித்தது.

தேசப்பற்று வளர்த்த புகழாக இதைக் கொள்வதும் பொருந்தாது. துரெத்ஸ்கி ஆஸ்திரேலியா சென்றதும் அவரும் கான்பராவுக்குப் போய் அங்கேயே பயிற்சி பெற்றார். ஒரு ரஷ்ய நாயகனுக்கு வழக்கமான முகவரி அல்ல. கொடியும் மாறிக்கொண்டே இருந்தது. 1991 ஆகஸ்டில் ஏதென்ஸில் முதல் ஐரோப்பியப் பட்டத்தை அவர் வென்றது சோவியத் வீரராக. அந்த வாரம்தான் மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தது. பார்சிலோனாவில் ‘ஒருங்கிணைந்த அணி’. 2004இல் அதே ஏதென்ஸில் ஒலிம்பிக் தொடக்க அணிவகுப்பில் ரஷ்யக் கொடியை ஏந்தி முன்னே நடந்தார். அந்த ஒலிம்பிக்கில் எந்தத் தனிநபர் இறுதிச்சுற்றுக்கும் அவர் தகுதி பெறவில்லை.