கணக்குக் கேட்கும் உரிமை: ஒரு வரலாற்றுப் பார்வை

 

ஸகாத் வசூலிக்கச் சென்று திரும்பிய இப்னுல் லுத்பிய்யா என்பவர், ஒரு பகுதியைப் பொதுநிதிக்கு உரியதென்றும் மற்றொரு பகுதி தமக்கு வந்த அன்பளிப்பென்றும் பிரித்து வைத்தார். அவர் தம் பெற்றோர் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். பதவியில் இருப்பவரிடம் கணக்குக் கேட்பது நமக்குப் புதிதன்று.

நமது இனயம் முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அந்நாட்டில் சர்க்கார் அதிகாரிகளைக் கேள்வி கேட்டமைக்காகத் தம் உடைமையை இழந்த ஓர் ஆலிமை நம்மில் இளையோர் பலர் அறியார். அவர்தாம் வக்கம் அப்துல் காதர் மௌலவி (1873-1932). 1905இல் இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் தருவித்து, 'சுவதேசாபிமானி' என்னும் மலையாள ஏட்டை அஞ்சுதெங்கில் தொடங்கினார். மறு ஆண்டில் நெய்யாற்றின்கரை கே. இராமகிருஷ்ண பிள்ளையை ஆசிரியராக்கி, எழுதுவதில் அவருக்கு முழுச் சுதந்திரமும் அளித்தார். முதலாளி ஒரு மௌலவி, ஆசிரியர் ஒரு நாயர். நாட்டு நலன் இருவரையும் இணைத்தது.

திவான் பி. இராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தையும் அதிகாரிகளின் ஊழலையும் அவ்வேடு வெளிப்படுத்தியது. விளைவு? 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. பிள்ளை கைது செய்யப்பட்டு, திருநெல்வேலிக்கு நாடு கடத்தப்பட்டார். 1916இல் கண்ணூரில் மரணமடைந்தார். மௌலவிக்கு அவரது அச்சகம் வாழ்நாளில் திரும்பக் கிடைக்கவில்லை. ஆயினும் ஓய்ந்துவிடாமல் 1918இல் 'அல் இஸ்லாம்' இதழைத் தொடங்கினார்.

அன்று நாடு கடத்தப்படக் காரணமான அதே கேள்வியை இன்று பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். இந்திய மாநிலங்களில் தகவல் உரிமைக்கு முதன்முதலில் சட்டம் இயற்றியது தமிழகமே, அது 1997இல். ஆனால் அதில் விலக்குகள் மிகுதியாதலால் பயன் குறைவு. இராஜஸ்தானில் ஏழைத் தொழிலாளர்கள் தங்கள் கூலிப் பட்டியலைக் காட்டும்படி 1990களில் நடத்திய போராட்டமே இந்திய அளவில் வழி திறந்தது. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. அலுவலகம் 30 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். உயிர், சுதந்திரம் பற்றியதாயின் 48 மணி நேரம். பதில் வராவிடில் மேல்முறையீடு உண்டு. காரணம் கேட்க அதிகாரிக்கு உரிமையில்லை.

இதன் அவசியத்தை நம் கரை நன்கறியும். 2016 ஜூலையில் இனயம் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகத்திற்கு மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் அளித்தபோது, எத்தனை வீடுகள் போகும், கடல் எவ்வளவு தூரம் தூர்க்கப்படும், தொழில் என்னாகும் என்பனவே கடலோர மக்களின் கேள்விகளாயின. எதிர்ப்பு வலுத்தபின் திட்டத்தின் இடம் கோவளம் - மணக்குடிப் பக்கம் மாற்றப்பட்டது. அங்குள்ள மக்களும் அதே கேள்விகளையே கேட்டார்கள்.

நமது ஜமாஅத் அரசு அலுவலகமன்று. எனினும் இம்மலரிலுள்ள வரவு செலவுக் கணக்கை வரிவரியாகப் படித்து, ஐயமிருப்பின் மஹாசபையில் எழுந்து கேட்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.