இருளில் மோப்பம்: நீர்ப்பறவை வேட்டை நாய்களின் இரவுப் பயிற்சி

பிரிட்டனின் கழிமுகங்களிலும் உப்புச் சதுப்புகளிலும் நீர்ப்பறவை வேட்டை அந்தி சாய்ந்த பிறகும் தொடர்கிறது. மல்லார்ட், கிளுவை போன்ற வாத்துகள் பகலில் நீர்ப்பரப்பில் ஒதுங்கியிருந்துவிட்டு, வெளிச்சம் மங்கியதும் இரை தேடிக் கிளம்புகின்றன. நிலவை மெல்லிய மேகம் மூடியிருக்கும் இரவுகளில், வானத்தில் நிழலாகத் தெரியும் பறவைகளை நள்ளிரவிலும் சுடுவோர் உண்டு. சுடப்பட்ட பறவை கோரையிலோ சேற்றிலோ ஓடும் நீரிலோ விழுந்துவிட்டால் மனிதக் கண்ணுக்கு அது அகப்படாது. துப்பாக்கியின் தீவெளிச்சத்தில் கூசிய கண் இருளுக்குப் பழகவே நேரம் பிடிக்கும். கண்ணை நம்பாமல், மூக்கைக் கொண்டே அந்தப் பறவையைத் தேடி எடுத்துவர நாயைப் பழக்குவதே இரவுப் பயிற்சி.

இப்பயிற்சி பிரிட்டனில் வேரூன்றியதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டம் இலக்கின்மேல் விளக்கடித்துப் பறவைகளைச் சுடுவதையும், இரவில் குறிபார்க்கும் கருவிகளையும் தடைசெய்கிறது; இருட்டில் வாத்து சுடுவதை அது தடுக்கவில்லை. அமெரிக்காவிலோ வலசைப் பறவைகளைச் சுடும் நேரம் சூரியன் மறைவதோடு முடிந்துவிடுகிறது. ஆகவே அங்கே வாத்து நாய்க்கு இரவுத் திறமை பெரிதாகத் தேவைப்படுவதில்லை. பிரிட்டனில் இந்த வேலைக்குப் பெரிதும் பயன்படுவது லாப்ரடார் ரிட்ரீவர். கென்னல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றது 1903இல். ஸ்பிரிங்கர் ஸ்பானியலையும் பலர் பழக்குகின்றனர்.

இரவில் வாடை நடந்துகொள்ளும் விதம் வேறு. பகலில் சூடேறிய தரையிலிருந்து காற்று மேலெழும்போது வாடையும் அதனுடன் சிதறிவிடுகிறது. சூரியன் மறைந்தபின் தரை விரைவாகக் குளிர்ந்து, தன்னைத் தொட்டிருக்கும் காற்றையும் குளிரச்செய்கிறது. தெளிந்த இரவில் அந்தக் குளிர்காற்று போர்வைபோல் தரையை ஒட்டிப் படிந்து, சரிவுகளின் வழியே ஓடைகளுக்குள் மெல்ல இறங்குகிறது; பறவையின் வாடையும் அதோடு இறங்குகிறது. மேட்டில் கிடக்கும் வாத்தின் வாடை முதலில் பள்ளத்தில் கிடைப்பது இதனால்தான். நாய் ஓடைக்குள் இறங்கித் தேடுவதைப் பிழை என்று எண்ணித் திருப்பி அழைப்பவர் பறவையை இழக்கிறார். காற்று அசையாத இரவும் எளிதன்று: வாடை பறவையைச் சுற்றியே தேங்கிவிடுவதால், நாய் சில அடி தள்ளிக் கடந்துபோனாலும் அதைத் தவறவிடக்கூடும். மென்காற்றும் ஈரமும் சேர்ந்த இரவே பயிற்சிக்கு ஏற்றது.

மனிதனின் மூக்கில் மணம் உணரும் செல்கள் சுமார் 50 முதல் 60 லட்சம் வரை இருக்கின்றன. பல நாயினங்களில் அவை 20 கோடியைத் தாண்டும். நாய் விநாடிக்கு ஏறக்குறைய 5 முறை மோந்து பார்க்கிறது. வெளிவிடும் மூச்சு மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே பின்னோக்கிப் போவதால், முன்னாலிருந்து வரும் வாடையை அது கலைப்பதில்லை. ஆனால் ஓடி இளைத்து வாயால் மூச்சுவாங்கும் நாய்க்கு இந்த வசதிகள் எதுவும் முழுதாக உதவுவதில்லை. களைத்த நாயை இரவில் மீண்டும் மீண்டும் அனுப்புவது வீண். கண்ணைப் பொறுத்தவரை, விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் இருப்பதால், மனிதனுக்குப் போதாத ஒளியிலும் நாய்க்குப் பார்வை இருக்கிறது. பயிற்சியின் முதல் சிக்கலே இதுதான். அரையிருட்டில் கண் உதவும்வரை இளம் நாய் மூக்கை நாடுவதில்லை.

பகலில் கற்காத எதையும் இரவில் கற்பிக்க இயலாது. அசையாமல் அமர்தல், விசிலுக்குத் திரும்பி வருதல், குறிப்பிட்ட விசிலொலி கேட்டால் தான் இருக்கும் இடத்தைச் சுற்றியே தேடுதல் ஆகிய மூன்றும் முன்பே உறுதிப்பட்டிருக்க வேண்டும். அடுத்த படியும் பகலில்தான்: ஆள் உயரக் கோரைக்குள் நாய் பார்க்காதபோது பறவைக்குப் பதிலாகக் கான்வாஸ் டம்மியைப் போட்டுவைத்து, எதிர்காற்றில் தேடவிடுகின்றனர். கண் பயன்படாத இடத்தில் மூக்கு பரிசு தரும் என்பதை நாய் இங்கேதான் கண்டுகொள்கிறது. அதன்பின் பயிற்சி நேரம் படிப்படியாக அந்திக்கும், பிறகு முழு இருட்டுக்கும் தள்ளப்படுகிறது. டம்மியில் வாத்தின் இறகைக் கட்டுவது வழக்கம். பின்னர் முன்பே சுட்டுக் குளிர்ந்த பறவையே வைக்கப்படுகிறது.

இங்கே அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. பயிற்சியாளர் நடந்துபோய் டம்மியை வைத்துவிட்டு அதே வழியில் திரும்பினால், நாய் அவரது காலடி வாடையைப் பிடித்துக்கொண்டு நேரே அங்கு போய்விடும். பார்ப்பதற்கு அற்புதமாக இருக்கும். நாய் கற்றதோ மனிதனைத் தொடர்வதை மட்டுமே. டம்மியைத் தொலைவிலிருந்து வீசுவது, அல்லது வேறொருவர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து வைப்பது இதைத் தவிர்க்கும்.

பறவை விழும் ஓசையும் கற்பிக்கத்தக்கது. நீரில் விழும் சளப்பென்ற ஒலியையும், சேற்றில் விழும் மந்தமான ஒலியையும் கேட்டுத் திசையைப் பிடிக்கும் நாய் பாதி வேலையை முடித்துவிடுகிறது. இருட்டில் டம்மியை நீருக்குள் எறிந்து, சற்று நேரம் காத்திருக்க வைத்த பின்னரே அனுப்புவர். காது திசையைக் காட்ட, மூக்கு இடத்தைக் காட்டும்.

தொலைவிலுள்ள நாயை விசிலால் நிறுத்தி, கைச்சைகையால் இடமும் வலமும் திருப்புவது ரிட்ரீவர் பயிற்சியின் பெருமைக்குரிய கலை. இருளில் அந்தச் சைகை நாயின் கண்ணுக்கு எட்டுவதில்லை. மிஞ்சுபவை இரண்டே ஆணைகள்: அங்கேயே தேடு, திரும்பி வா. வேட்டைக்காரர் செய்யக்கூடியது, நாயை அனுப்பும் முன் காற்றைக் கணித்து, பறவை விழுந்த இடத்தைக் கடந்து காற்று போகும் பக்கத்துக்கு அதைக் கொண்டுபோய் விடுவதுதான். அதன்பின் வாய்மூடி நிற்க வேண்டும். பகலில் நடக்கும் களப்போட்டிகளில் பரிசு வாங்கிய, ஒவ்வோர் அடிக்கும் எசமானைத் திரும்பிப் பார்க்கும் நாய் இரவில் தடுமாறுவது இதனால்தான்.

காயம்பட்டு நழுவும் வாத்து கடினமான சோதனை. அது சேற்றில் ஓடி, நீரில் மூழ்கி, கரையோரப் புல்லுக்குள் அலகு மட்டும் வெளியே தெரிய ஒளிந்துகொள்ளும். நீரின் மேல் மிதக்கும் வாடை ஓட்டத்தோடு நகர்வதால், நாய் வாடையின் போக்குக்கு எதிராக நீந்திச்செல்லப் பழக வேண்டும். ஆனால் ஓதம் ஏறும் கழிமுகத்தில் எந்தப் பறவையும் நாயின் உயிருக்கு ஈடாகாது. திரும்பி வரும் விசிலுக்கு நாய் எந்நிலையிலும் கட்டுப்பட வேண்டும் என்பதில் அனுபவசாலிகள் விட்டுக்கொடுப்பதில்லை. பயிற்சியின்போது நாயின் கழுத்தில் சிறு ஒளிவளையம் மாட்டலாம். வேட்டையில் அது வரும் பறவைகளை விரட்டிவிடும்.

வாத்து வேட்டை சூரியன் மறைவதோடு முடிந்துவிடும் அமெரிக்காவில், இருட்டு வேட்டை ரக்கூன் என்ற மரமேறும் விலங்கைச் சுற்றி வளர்ந்தது. பிளாக் அண்ட் டான், பிளூட்டிக், ரெட்போன், பிளாட் போன்ற கூன்ஹவுண்டு இன நாய்கள் ரிட்ரீவருக்கு நேர்மாறானவை: ரிட்ரீவர் ஓசையின்றி வேலை செய்ய வேண்டும், கூன்ஹவுண்டோ குரைத்தே தன் வேலையைத் தெரிவிக்க வேண்டும். தடத்தில் நீண்ட ஊளையும், ரக்கூன் மரமேறிய பின் அடியில் நின்று வெட்டி வெட்டிக் குரைப்பதும் தொலைவில் நிற்பவருக்கு நடப்பதைச் சொல்லிவிடும். குட்டியைத் தேர்ந்த முதுநாயோடு அனுப்புவதே மரபான பயிற்சி. மான் தடத்தைத் தொடரும் பழக்கத்தை முறிப்பதில்தான் நாட்கள் கழியும். யுனைடெட் கென்னல் கிளப்பின் இரவுப் போட்டிகளில் தடத்தை முதலில் அறிவிக்கும் நாய்க்கு 100 புள்ளிகளும், மரத்தை முதலில் அறிவிப்பதற்கு 125 புள்ளிகளும் தரப்படுகின்றன. ரக்கூன் இல்லாத மரத்தடியில் நின்று குரைத்த நாய்க்குப் புள்ளிகள் கழிக்கப்படும்.