உடைந்த ஓடு சொல்லும் உண்மை

சூளை பிரிக்கும் நாளில் குயவரின் அருகே நின்று பார்த்திருக்கிறீர்களா? நன்றாக வெந்த பானைகள் ஒருபுறம் அடுக்கப்படும். கோணியவையும் வெடித்தவையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவையும் மறுபுறம் எறியப்படும். நல்ல பானை சந்தைக்குப் போய், எந்த ஊரிலோ உடைந்து மறைகிறது. பழுதான பானையோ பிறந்த இடத்திலேயே கிடக்கிறது. எனவே, ஓர் ஊரில் பானைத் தொழில் நடந்ததா என்று அறிய விரும்பினால் நாம் தேட வேண்டியது நல்ல பானையை அன்று, பழுதான ஓட்டையே!

இங்கிலாந்தின் வடமேற்கில், லிவர்ப்பூல் நகருக்கு அருகே ரெயின்போர்டு என்னும் சிற்றூர் உள்ளது. களிமண்ணும் நிலக்கரியும் கிடைக்கும் பகுதி அது. புகைபிடிக்கும் களிமண் குழாய்களுக்குப் பெயர் பெற்ற ஊர். ஆனால் அதற்கும் முன்பே, பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பதினேழாம் நூற்றாண்டிலும் அங்கே குயவர்கள் கருமெருகுக் கலங்களைச் செய்து வந்தனர். அவர்களுடைய தொழிலைப் பற்றி ஏடுகள் சொல்வது மிகக் குறைவு. சான்றுகள் மண்ணுக்குள் இருந்தன. அந்த மண்ணோ வீட்டுத் தோட்டங்களாகிவிட்டது. ஊரார் கதவைத் திறந்தாலன்றி ஆய்வாளர் அங்கே மண்வெட்டியை வைக்க முடியாது.

2013, 2014 ஆம் ஆண்டுகளில் ஊராரே அந்தப் பணியில் இறங்கினர். லிவர்ப்பூல் அருங்காட்சியகத்தின் தொல்பொருள் அறிஞர்கள் வழிகாட்ட, தன்னார்வலர்கள் தோட்டங்களில் சிறு சோதனைக் குழிகளைத் தோண்டினர். இத்தகைய குழி பொதுவாக ஒரு மீட்டர் சதுரமாக இருக்கும். பத்துப் பத்து சென்டிமீட்டராக மண்ணை நீக்கிச் சலித்து, ஒவ்வோர் அடுக்கில் கிடைத்தவற்றையும் தனித்தனியே வைத்துக் குறிப்பு எழுதுவார்கள்.

சரி, கிடைத்த ஓடு சூளையில் பழுதானதா, சமையலறையில் உடைந்ததா என்று எவ்வாறு கண்டுபிடிப்பது? இங்கேதான் இயற்பியல் கைகொடுக்கிறது. மணலிலுள்ள சிலிக்கா தனியாக உருக ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஈய ஆக்சைடைச் சேர்த்தால் 1,000 டிகிரிக்குக் கீழேயே உருகிக் கண்ணாடி போன்ற மெருகாகிறது. அதில் இரும்பு கலந்திருந்தால் நிறம் கறுக்கும். சூளைக்குள் பானை வெடித்தால், உருகிய மெருகு உடைந்த விளிம்பின் மேலும் வழிந்து உறைகிறது. வீட்டில் கைதவறி உடைந்த பானையின் விளிம்பில் மெருகு இருக்க வழியில்லை அல்லவா? இந்த ஒரு தடயமே போதும், அந்த ஓடு சூளையின் கழிவு என்று சொல்ல.

காலத்தைக் கணிக்க அடுக்குகள் உதவுகின்றன. ஓர் அடுக்கில் புகைக்குழாய்த் துண்டு ஒன்று இருந்தால், இங்கிலாந்துக்குப் புகையிலை வந்த பிறகே அந்த அடுக்கு உருவாகியிருக்க வேண்டும். ஊரின் ஒரு தொழில் மற்றொரு தொழிலுக்குக் கடிகாரமாகிறது!

ஆனால் அன்பர்களே, இந்தக் கடிகாரத்தில் ஒரு குறை உண்டு. இதை ஒரே ஒரு முறைதான் படிக்க முடியும். கடைக்கால் தோண்டும்போது அடுக்குகள் கலந்துவிட்டால், ஓடுகள் எல்லாம் கையில் இருந்தாலும் அவற்றின் வரிசை போய்விடும். வரிசை போனால் வரலாறும் போயிற்று. பழைய ஓட்டை எடுத்து அலமாரியில் வைப்பவர் பொருளைக் காப்பாற்றுகிறார், செய்தியை இழந்துவிடுகிறார்.

ரெயின்போர்டு மக்கள் பொன்னையோ பொருளையோ தேடவில்லை. பெயர் தெரியாத குயவர்கள் எறிந்த குப்பையை அளந்து, சலித்து, எழுதி வைத்தார்கள். உங்கள் கொல்லையில் பழைய ஓடு தென்பட்டால், எடுக்குமுன் சற்று நில்லுங்கள். எவ்வளவு ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடக்கிறது என்று குறித்துக்கொண்டு, அறிந்தவரிடம் சொல்லுங்கள். அந்த ஓட்டைவிட, அது கிடந்த இடமே பெரிய புதையல்.