பெயர் சொல்லாத விளம்பரம்

குளிருக்கு உரோமத்தோல் இதமானது என்பதைச் சொல்ல விளம்பரம் தேவையில்லை. கடந்த நூற்றாண்டின் அமெரிக்க வணிகர் விற்க விழைந்தது வேறொன்று. அதற்கு அவர்கள் பெரிதும் நம்பியது பெயரையே என்று நமக்குத் தோன்றுகிறது.

முதலில் புனைபெயர்கள். மஸ்க்ராட் எனும் நீர்வாழ் எலியின் தோலைக் கத்தரித்துச் சாயமேற்றி 'ஹட்சன் சீல்' என்றார்கள். கேட்பவர் அதைக் கடல்நாயின் தோலென்று எண்ணிக்கொள்வார். முயல்தோலுக்கு 'லாப்பேன்' என்று பெயர். பிரெஞ்சில் அதற்கும் பொருள் முயல்தான்! விலங்கின் உண்மைப் பெயரைச் சீட்டில் பொறிக்க வேண்டுமென 1951-இல் சட்டம் பிறந்தது.

கீரியை ஒத்த மிங்க் என்னும் சிற்றுயிருக்கோ புனைபெயர் தேவைப்படவில்லை. அதன் பெயரே செல்வத்தைக் குறித்தது. சில வேளை கையூட்டையும் குறித்தது. 1951-இல் வெள்ளை மாளிகை ஊழியர் ஒருவரின் மிங்க் அங்கி ஊழல் விசாரணையில் அடிபட்டது. மறு ஆண்டு செப்டம்பரில், நிதி பற்றிய குற்றச்சாட்டுக்கு ஆளான வேட்பாளர் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, தம் மனைவியிடம் மிங்க் அங்கி இல்லை, துணி அங்கியே உண்டு என்றார். இல்லாத ஆடையைச் சாட்சிக்கு அழைத்த விந்தை அது.

1968-இல் பேரேரிகள் பகுதியின் மிங்க் வளர்ப்போர் சங்கம் விளம்பரத்தில் இறங்கியது. சங்கப் பெயரின் முதலெழுத்துகளான ஜி.எல்.எம்.ஏ.வைக் கொண்டே 'பிளாக்கிளாமா' என்ற வணிகப் பெயர் உருவானது. விளம்பரத்தை அமைத்தவர் ஜேன் ட்ரேஹி. முதற்படங்களை எடுத்தவர் ரிச்சர்ட் அவெடான். கறுப்பு அங்கி போர்த்திய ஒரு பெண்ணின் கறுப்பு வெள்ளைப் படம். வாழும்போதே புராணமாகிவிட்டவருக்கு மிகவும் பொருந்துவது எது என்றொரு கேள்வி. விலை பற்றியோ கதகதப்பு பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பெண்ணின் பெயர்கூட இல்லை! முகத்தைக் கண்டதும் அறியாதவர் தம்மையே குறைவாக எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். இதன் சாமர்த்தியத்தை நாம் மறுக்க இயலாது. நீண்ட அங்கி ஒன்றுக்குச் சுமார் 50 மிங்க் தோல்கள் வேண்டும் என்பதை மட்டும் அந்த அழகிய படம் பார்ப்பவருக்கு நினைவூட்டவில்லை.

படத்துக்கு நின்றவர்களுக்கு ஊதியம் பணமன்று, ஓர் அங்கி. பெட்டி டேவிஸ், லாரன் பகால் ஆகியோருடன் முதல் வரிசையில் நின்றவர் பாடகியும் நடிகையுமான ஜூடி கார்லண்ட். வரிக்கடன் நெருக்கியதால் 1967-இல் தம் வீட்டையே விற்றிருந்த அவருக்கும் கிடைத்தது அங்கிதான். 1969 ஜூன் 22 அன்று அவர் லண்டனில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 47.