மைக் பிடிச்ச ஓட்டக்காரர்

1954 மே 6, ஆக்ஸ்போர்ட், இஃப்லி ரோடு மைதானம். ரோஜர் பானிஸ்டர் ஒரு மைல் ஓடி முடிச்சுட்டு அப்படியே சாயறார். நாலு நிமிஷத்துக்குள்ள முடிச்சாரா? கூட்டம் தவிக்குது. மைக் பிடிச்ச ஆளோ வேணும்னே இழுக்கறார். ஓட்டத்தோட நம்பர், வீரர் பேரு, மைதான ரெக்கார்டு, உலக ரெக்கார்டுன்னு அடுக்கிட்டு, கடைசியா "மூணு..."ன்னார். மிச்சம் 59.4 விநாடி கைதட்டல்ல காணாமப் போச்சு.

அந்த ஆசாமிதான் நாரிஸ் மெக்விர்ட்டர். 1925-ல பிறந்தவர், ராஸ்னு ஒரு இரட்டைப் பிறவி. ரெண்டு பேரும் ஆக்ஸ்போர்ட்ல குறுந்தூர ஓட்டக்காரங்க. அப்பா பத்திரிகை நிர்வாகி. 1951-ல அண்ணன் தம்பி சேர்ந்து லண்டன்ல ஒரு கம்பெனி போட்டாங்க. சரக்கு? தகவல்! பத்திரிகைகளுக்குச் சரிபார்த்த தகவல் சப்ளை.

அதே 1951-ல கின்னஸ் பீர் கம்பெனி நிர்வாகி ஹியூ பீவர், அயர்லாந்துல வேட்டைக்குப் போன இடத்துல, எந்தப் பறவை வேகமானதுன்னு வாக்குவாதம் பண்ணினார். எந்தப் புத்தகத்துலயும் விடை இல்ல. பானிஸ்டரோட சேர்ந்து ஓடின கிறிஸ் சாட்டவே அப்ப கின்னஸ்ல வேலை பார்த்தார். அவர் கைகாட்டின ஆளுங்கதான் இந்த இரட்டையர். 1955-ல 198 பக்கத்துல முதல் பதிப்பு. கிறிஸ்துமஸுக்குள்ள பிரிட்டன்ல விற்பனையில முதலிடம். பாருங்க, குடிகாரச் சண்டையைத் தீர்க்க ஒரு புத்தகம் :-)

இனிமேதான் மேட்டர். இவங்க பேரு சட்டப் புத்தகத்துலயும் இருக்கு. 1973-ல ஆண்டி வார்ஹால் பத்தின ஒரு டிவி படத்தை நிறுத்தணும்னு ராஸ் கோர்ட்டுக்குப் போனார். அப்பீல் கோர்ட்டும் தற்காலிகமா நிறுத்தி வச்சுது. அப்புறம் தடை போய், படமும் ஒளிபரப்பாச்சு. பொதுமக்கள்ல ஒருத்தர் இப்படி வழக்குப் போடலாமான்னு சட்டம் படிக்கிறவங்க இன்னும் அலசற கேஸ் அது. எனக்கு இடிக்கிறது என்னன்னா, ராஸ் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்ல. பேப்பர்ல வந்ததை நம்பிப் போனார். ஒவ்வொரு எண்ணையும் துருவித் துருவிப் பார்த்த மனுஷன்! டெஸ்ட் பண்ணாமலே பக் ரிப்போர்ட் எழுதறவங்களை எங்க ஆபீஸ்ல தினமும் பார்க்கறேன். ஆனா அவங்க கின்னஸ் புத்தகம் போடறதில்ல.

1975-ல லண்டன்ல ஐ.ஆர்.ஏ. குண்டு வெடிப்புகள். வச்சவங்களைப் பிடிக்கத் துப்புக் கொடுத்தா 50,000 பவுண்டுன்னு ராஸ் அறிவிச்சார். நவம்பர் 27 அன்னிக்கு என்ஃபீல்டுல வீட்டு வாசல்லயே சுட்டுக் கொன்னுட்டாங்க.

அண்ணன் தம்பி சேர்ந்து உருவாக்கின சுதந்திரத்துக்கான தேசியச் சங்கத்தை நாரிஸ் தொடர்ந்து நடத்தினார். கிரன்விக் போட்டோ லேப் போராட்டத்துல அந்தச் சங்கம் முதலாளி பக்கம் நின்னுது. எதிர்ல நின்னவங்க ஜெயாபென் தேசாய் தலைமையில ஆசியப் பெண் தொழிலாளிகள். நான் எந்தப் பக்கம்னு சொல்லவே வேணாம். ஆனாலும், தம்பியை வாசல்ல பறிகொடுத்தவர் பயந்து ஒதுங்கலைங்கறதை மறுக்க முடியல.

1985 வரைக்கும் புத்தகத்துக்கு அவர்தான் ஆசிரியர். 2004 ஏப்ரல்ல இறந்தார். பிபிசி 'ரெக்கார்ட் பிரேக்கர்ஸ்' நிகழ்ச்சியில குழந்தைங்க கேட்ட கேள்விக்கெல்லாம் இரட்டையர்கள் மனப்பாடமா பதில் சொல்வாங்க. ராஸ் போனப்புறமும் அந்த நிகழ்ச்சி நின்னுடல. நாரிஸ் மட்டும் தனியா வந்து பதில் சொன்னார்.