மனந்திரும்புதல் யாரை நோக்கி? தாவீது, யூதாஸ், சகேயு

பாவ உணர்வின் உண்மையை அதன் ஆழத்தைக் கொண்டு அளப்பது புராட்டஸ்டண்டு மரபில் வேரூன்றிய வழக்கம். 1687இல் லூனபர்க் நகரில் அகஸ்ட் ஹெர்மன் பிராங்கே அடைந்த மனமாற்றம், பின்னர் ஹாலே பக்தி இயக்கத்துக்கு முன்மாதிரியாயிற்று. நியாயப்பிரமாணத்தின் முன் நொறுங்கிப் போராடிய பிறகே ஒருவர் கிருபையின் நிச்சயத்தை எட்டுகிறார் என்பது அதன் சாரம். ஹாலேயில் பயின்ற சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியதால், தமிழ்ச் சபைகளுக்கும் இம்மரபோடு உறவுண்டு. இப்போராட்டத்தின் மெய்ம்மையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் துயரத்தின் மிகுதி மனந்திரும்புதலை நிறுவிவிடாது. பாவ உணர்வு கடவுளையும், தீங்கிழைக்கப்பட்ட மனிதரையும் நோக்கி ஒருவரைத் திருப்புகிறதா என்பதே வேதாகமம் தரும் அளவுகோல் என இக்கட்டுரை வாதிடுகிறது.

தாவீதின் வரலாறு முதற்சான்று. அவன் ஏவலால் உரியா கொல்லப்பட்டு, உரியாவின் மனைவி பத்சேபாள் தாவீதுக்கு மகனைப் பெற்றெடுக்கும் வரையில் அரசன் கலங்கியதாக 2 சாமுவேல் எதுவும் சொல்லவில்லை. அவன் மனச்சாட்சி செத்துப்போய்விடவும் இல்லை. தீர்க்கதரிசி நாத்தான் சொன்ன கதையில் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வந்தன்மேல் அவன் கொதித்தெழுகிறான். யாத்திராகமம் 22இன் சட்டப்படி நான்கு மடங்கு ஈடு கேட்கிறான். பிறர் குற்றத்தில் கூர்மையாக இருக்கும் நீதியுணர்வு தன் குற்றத்தில் மழுங்கிக் கிடக்கிறது. அதைத் தட்டியெழுப்ப வெளியிலிருந்து ஒரு சொல் வர வேண்டியிருந்தது. ஆனால் நாத்தானின் வருகையோடு தன்னை இணைத்துக்கொள்ளும் 51ஆம் சங்கீதம், பாவம் கடவுளுக்கு எதிரானது மட்டுமே என்பதுபோலப் பேசுகிறதே, உரியா அங்கே மறைந்துவிடவில்லையா என்று கேட்கலாம். கதைப்பகுதி அதற்கு இடம் தரவில்லை. உரியாவைக் கொன்றதன் மூலமே தாவீது கர்த்தரை அசட்டைபண்ணினான் என்கிறார் நாத்தான். தனக்கு மேல் மனித நீதிமன்றம் இல்லாத அரசனைக் கடவுள் தம் முன் நிறுத்துகிறார். கொலையுண்டவனின் வழக்கு அங்கேதான் எடுபடுகிறது.

இதற்கு வலுவான எதிர்ச்சான்று இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ். மத்தேயு 27இன்படி அவனும் மனஸ்தாபப்பட்டான், குற்றத்தை ஒப்புக்கொண்டான், முப்பது வெள்ளிக்காசைத் திருப்பியும் கொடுத்தான். துயரம், அறிக்கை, பணம் திருப்புதல் மூன்றும் இருந்தும் அவன் முடிவு நாண்டுகொண்டு சாவதாக ஏன் அமைந்தது? அவன் அறிக்கையிட்டது தன்னோடு பேரம் பேசியவர்களிடம். காசு போனதும் அவர்களிடமே. காட்டிக்கொடுக்கப்பட்டவரிடம் அவன் திரும்பவில்லை. அவன் துயரம் குறைவானதன்று. அதன் திசையே தவறியது. லூக்கா 19இன் ஆயக்காரர் தலைவன் சகேயு இதற்கு மறுதலை. அவனுடைய கண்ணீரைப் பற்றி ஒரு சொல்லும் அங்கில்லை. எண்ணாகமம் 5 குற்றத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்திலொரு பங்கு கூட்டி, பாதிக்கப்பட்டவரிடமே கொடுக்கச் சொல்கிறது. சகேயுவோ சொத்தில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றப்பட்டவர்களுக்கு நான்கு மடங்கும் தருவதாகச் சொல்கிறான்.

ஈடுசெய்தலை இவ்வளவு வற்புறுத்தினால், விசுவாசத்தால் நீதிமானாகும் போதனை குலைந்து கிரியைகளின் வழி திரும்பாதா? லூக்கா நிகழ்வுகளை அடுக்கும் வரிசையே இதற்கு விடை. இயேசு சகேயுவின் வீட்டில் தங்கப்போவதாக அறிவித்த பிறகுதான் அவன் வாக்களிக்கிறான். கிருபை முந்திக்கொள்கிறது, ஈடு அதற்கு விலையாகாமல் அதன் விளைவாக வருகிறது. ஈடுசெய்ய முடியாத பாவங்களும் உண்டு. உரியாவை உயிர்ப்பிக்கத் தாவீதால் இயலவில்லை. மன்னிப்புக்குப் பிறகும் பட்டயம் அவன் வீட்டை விட்டு விலகவில்லை. அத்தகைய இடத்தில் விளைவுகளை மறைக்காமல் சுமப்பதும் மனந்திரும்புதலின் பகுதியாகிறது. விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என 1517இல் லூத்தர் தம் 95 கூற்றுகளில் முதலாவதாக முன்வைத்ததை இவ்வெளிச்சத்தில் வாசிக்கலாம். வாழ்நாள் முழுவதும் அழுதுகொண்டிருப்பது யாராலும் ஆகாது. வாழ்நாள் முழுவதும் கடவுளுக்கும் அயலாருக்கும் கணக்கொப்புவிப்பது ஆகும். ஆகவே ஒருவரின் மனந்திரும்புதலை எடைபோடும் சபை, அவர் எவ்வளவு அழுதார் என்பதோடு நிற்காமல், அவரால் பாதிக்கப்பட்டவர் என்ன பெற்றார் என்றும் விசாரிக்கக் கடமைப்பட்டிருக்கிறது.